சித்திரம் டீச்சரிடம் கேளுங்கள்: இரவில் ஒரு துறைமுகம்

போன இதழில் இரவுத் துறைமுக ஓவியங்களைப் பற்றி நாலு வரிதான் எழுதினேன், அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. எல்லாவற்றுக்கும் பதில் எழுத இடம் போதாது, அதனால் ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து ஐந்தாக எடுத்திருக்கிறேன். முதல் கடிதத்துக்குப் பதில் கொஞ்சம் நீளம். அந்தப் பிள்ளை கேட்டதற்குள்தான் மற்றவர்களின் பாதிக் கேள்வி இருக்கிறது.

கேள்வி: டீச்சர், நான் மஸ்கெலியா. உயர்தரத்தில் சித்திரமும் ஒரு பாடம். 'இரவில் துறைமுகம்' என்று ஒரு படம் வரைந்தேன். வானத்துக்கும் தண்ணீருக்கும் கறுப்பு அடித்து, கப்பல் விளக்கை எல்லாம் மஞ்சளில் வைத்தேன். எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கிறது, ஆனால் பார்த்தால் ஒன்றுமே தோன்றவில்லை, கரும்பலகையில் சோக்கால் புள்ளி வைத்த மாதிரி இருக்கிறது. ஒரு கலண்டரில் பார்த்த படத்திலும் இதே கப்பல், இதே இருட்டுதான், ஆனால் அதைப் பார்த்தால் மனது என்னவோ செய்கிறது. அந்த 'என்னவோ' எங்கிருந்து வருகிறது? இன்னொன்று, நான் இரவில் துறைமுகத்தைப் பார்த்ததே இல்லை. பார்க்காமல் வரைந்தது பிழையா?

பிழையில்லை மகள், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். துறைமுகத்தைப் பார்க்கவில்லை, சரி. ஆனால் மஸ்கெலியாவில் இருக்கிற ஒருவர் இரவில் பெரிய தண்ணீரைப் பார்க்காமல் இருக்க முடியாது. 1969இல் மவுசாக்கலை அணையைக் கட்டியபோது பழைய மஸ்கெலியா டவுனே தண்ணீருக்குள் போனது, வறட்சியில் தண்ணீர் இறங்கினால் பழைய கோயில் தலைகாட்டும், வீட்டுப் பெரியவர்கள் உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். அந்தத் தண்ணீரின் அக்கரையில் விளக்குகள் எரியத் தொடங்குகிற நேரம், யாரையாவது துணைக்கு அழைத்துக்கொண்டு போய் அரை மணித்தியாலம் சும்மா உட்கார்ந்திருங்கள். போனை மட்டும் எடுக்க வேண்டாம். கண் இருட்டுக்கு நன்றாகப் பழக இருபது முப்பது நிமிடம் பிடிக்கும், போன் வெளிச்சத்தை ஒரு தடவை பார்த்தால் பழகியதெல்லாம் போய்விடும்.

நான் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். காசல்ரீ நீர்த்தேக்கக் கரையில் தெரிந்தவர் வீட்டு இஸ்தோப்பில் ஒரு நாள் ராத்திரி உட்கார்ந்திருந்தேன். அக்கரையில் ஒரே ஒரு மஞ்சள் பல்பு. காற்றே இல்லாதபோது அது தண்ணீரிலும் ஒரு புள்ளியாகத்தான் இருந்தது. கொஞ்சம் காற்று வந்து தண்ணீர் சிலிர்த்ததும் அந்தப் புள்ளி நீண்டு நீண்டு, ஒரு தூண் மாதிரி என்னை நோக்கி வந்தது. ஒவ்வொரு சின்ன அலையும் ஒரு சின்னக் கண்ணாடி, அது சாய்ந்த சாய்வுக்கு ஏற்றபடி விளக்கை நம் கண்ணுக்குத் திருப்பிவிடுகிறது, அதனால்தான் இப்படி நீள்கிறது. பக்கத்தில் பத்தடி தள்ளி நின்றவரைக் கேட்டால் தூண் நேராகத் தன்னிடம்தான் வருகிறது என்றார். அவரவருக்கு அவரவர் தூண். அப்படிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தத் தூணின் நடுவில் ஒரு துண்டு அறுந்தது. பிறகு அறுந்த இடம் கூடிக்கொண்டது, கொஞ்சம் தள்ளி இன்னொரு இடம் அறுந்தது. ஒரு மீன்பிடிப் படகு போகிறது. படகும் தெரியவில்லை, ஆளும் தெரியவில்லை, துடுப்புச் சத்தம்கூட இல்லை. வெளிச்சம் அறுவதும் கூடுவதும் மட்டும்தான் தெரிந்தது. உள்ளே யாரோ ஒருவர் இந்தக் குளிரில் தனியாக இருக்கிறார் என்று நினைத்ததும், நீங்கள் எழுதினீர்களே 'என்னவோ செய்கிறது' என்று, அது எனக்கும் செய்தது.

உங்கள் கேள்விக்கு என் பதில் அந்தப் படகில்தான் இருக்கிறது. உங்கள் படத்தில் கப்பலை முழுக்கக் கோடு போட்டு வரைந்து, பிறகு அதன் மேல் விளக்கு வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இரவில் நமக்குக் கப்பல் தெரிவதில்லை, விளக்கு தெரிகிறது, அதிலிருந்து கப்பலை நாம் ஊகிக்கிறோம். சீசன் காலத்தில் உங்கள் ஊரிலிருந்து சிவனொளிபாத மலையைப் பார்த்திருப்பீர்கள்தானே? மலை இருட்டோடு இருட்டாகப் போய்விடும், படிக்கட்டு விளக்குகளின் வரிசை மட்டும் அந்தரத்தில் தொங்கும், ஆனாலும் மலையின் உயரம் பகலில் தெரிவதைவிட அப்போதுதான் நெஞ்சில் உறைக்கும். ஊகிக்க விட்ட இடத்தில்தான் பார்க்கிறவரின் மனது போய் உட்காருகிறது. நீங்கள் எல்லாவற்றையும் காட்டிவிட்டீர்கள், அவர் உட்கார இடமில்லை.

அப்புறம் கறுப்பு. டியூப்பிலிருந்து எடுத்த கறுப்பை அப்படியே பூசினால் தாளில் ஓட்டை விழுந்த மாதிரிதான் இருக்கும். இரவுக்கு நிறம் உண்டு. அல்ட்ராமரீன் நீலத்தோடு பேர்ன்ட் அம்பர் என்கிற கடும் பழுப்பைக் கலந்து பாருங்கள், கறுப்பைப் போன்ற ஒரு இருட்டு வரும், ஆனால் அதற்குள் காற்று இருக்கும். நீலத்தைக் கூட்டினால் அது வானம், பழுப்பைக் கூட்டினால் அது கரையும் கட்டடமும். பெட்டியில் பேர்ன்ட் அம்பர் இல்லாவிட்டால் இருக்கிற பழுப்பே போதும். வானமும் தண்ணீரும் ஒரே இருட்டாக இருக்கக் கூடாது, ஒன்று மற்றதைவிட ஒரு படி வெளுப்பாக இருக்கட்டும், ஆனால் இரண்டும் சேருகிற கோட்டை ரூலர் வைத்த மாதிரி இழுக்காமல் ஈரத்தோடு ஈரமாகக் கரைய விடுங்கள். நம் ஊரில் பனி இறங்கினால் எங்கே தேயிலை முடிகிறது, எங்கே வானம் தொடங்குகிறது என்று தெரிகிறதா?

இந்த விஷயத்தில் எனக்குக் குரு விஸ்லர். அமெரிக்காவில் பிறந்து லண்டனில் வாழ்ந்தவர். 1866இல் சிலி நாட்டுக்குப் போய் வல்பரைசோ துறைமுகத்தை இரவில் வரைந்தார், 1870களில் தேம்ஸ் நதியின் இரவுகளை வரிசையாக வரைந்தார். பெயின்ட்டைத் தண்ணி மாதிரிக் கரைத்துத்தான் பூசுவார், அதற்கு அவர் வைத்த பெயரே 'சோஸ்'. அவ்வளவு தண்ணியாக இருந்ததால் நிறுத்தி வைத்தால் வழிந்துவிடும், அதனால் கன்வஸைத் தரையில் படுக்க வைப்பாராம். உங்களுக்கு முக்கியமானது இன்னொன்று: அவர் ஆற்றங்கரையில் உட்கார்ந்து வரைந்தவர் இல்லை. இரவில் படகில் போவார், ஒரு காட்சியை நன்றாகப் பார்ப்பார், பிறகு அதற்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, கூட வந்தவரிடம் எங்கே எந்த விளக்கு, எந்த இடம் எவ்வளவு இருட்டு என்று பாடம் ஒப்பிக்கிற மாதிரிச் சொல்வார். பிழை இருந்தால் திரும்பவும் பார்ப்பார். சரியாகச் சொல்ல முடிந்தால்தான் வீட்டுக்குப் போவார், மறுநாள் நினைவிலிருந்து வரைவார். நினைவில் நின்றது மட்டும்தான் படத்துக்குள் வரும், மற்றதெல்லாம் தானாக உதிர்ந்துவிடும். மவுசாக்கலைக் கரையில் துணைக்கு வருகிறவரிடம் நீங்களும் இப்படி ஒப்பித்துப் பாருங்கள். முதல் நாள் பத்து விளக்கு சொல்வீர்கள், நாலாவது நாள் மூன்றுதான் முக்கியம் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

வோட்டர் கலரில் செய்வதென்றால் ஒரு சின்ன வேலை சொல்கிறேன், வகுப்பில் எத்தனையோ பிள்ளைகளுக்குச் செய்து காட்டியிருக்கிறேன். வெள்ளை மெழுகுவர்த்தி ஒன்றை எடுத்து, விளக்குத் தூண் வரவேண்டிய இடத்தில் சின்னச் சின்னக் கிடைக்கோடுகளாக அழுத்தித் தேய்த்துவிடுங்கள். தூரத்தில் நெருக்கமாக, மெல்லிசாக. கிட்ட வர வர அகலமாக, இடைவெளி விட்டு. அதற்கு மேல் இருட்டைப் பூசினால் மெழுகு இருக்கிற இடத்தில் தண்ணீர் ஒட்டாது, வெளிச்சம் தாளின் வெள்ளையாகவே தங்கிவிடும். மஞ்சள் வேண்டுமென்றால் மெழுகு தேய்க்க முதலே அந்த இடத்தில் மெல்லிய மஞ்சள் பூசிக் காயவிட்டிருக்க வேண்டும். ஒன்று கவனம், தூணைச் சாய்க்காதீர்கள். நிழல் விழுகிற மாதிரி நினைத்துப் பிள்ளைகள் எப்போதும் பக்கவாட்டில் சாய்ப்பார்கள், நேர்ச் செங்குத்தாக அந்தந்த விளக்குக்குக் கீழேதான் அது வரவேண்டும். இன்னொன்று, தண்ணீரில் தெரிகிற விளக்கு மேலே இருக்கிற விளக்கைவிட ஒரு படி மங்கல், நிறமும் மாறும். வான் கோ 1888இல் ஆர்ல் ஊரில் ரோன் நதிக்கரையின் இரவை வரைந்துவிட்டுத் தம்பிக்கு எழுதிய கடிதத்தில் இதைத்தான் சொல்கிறார்: மேலே காஸ் விளக்கு மஞ்சள், தண்ணீரில் அதே விளக்கு செம்பொன்னாகத் தொடங்கிக் கீழே இறங்க இறங்கப் பச்சை கலந்த வெண்கல நிறம். ஒரே விளக்கு, இத்தனை மாற்றம். உங்கள் படத்தில் விளக்கெல்லாம் மஞ்சள் என்று எழுதியிருந்தீர்கள், அதை முதலில் மாற்றுங்கள்.

புதிதாக வரைந்ததும் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். பழையதைக் கிழிக்க வேண்டாம், பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

கேள்வி: இரவு என்றால் ஏன் எல்லா ஓவியர்களும் நீலத்தையே பூசுகிறார்கள்? நிலா வெளிச்சம் வெள்ளைதானே? (பண்டாரவளையிலிருந்து ஒரு வாசகர்)

நிலாவிலிருந்து வருவது சூரிய வெளிச்சம்தான், பட்டுத் திரும்பி வருகிறது, அதில் நீலம் அதிகமில்லை. நீலம் நம் கண்ணில் இருக்கிறது. வெளிச்சம் குறைந்ததும் நிறம் பார்க்கிற கூம்புச் செல்கள் ஓய்ந்து, மங்கலில் பார்க்கிற கோல் செல்கள் வேலையைத் தொடங்கும். பகலில் கண்ணுக்கு மிகவும் பளிச்சென்று தெரிவது மஞ்சள் கலந்த பச்சை, இருட்டில் அது நீலப் பக்கம் தள்ளிப் போய்விடும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புர்கின்ஜே என்கிற செக் நாட்டு விஞ்ஞானி இதைத் தோட்டத்துப் பூக்களைப் பார்த்தே கண்டுபிடித்தார். நீங்களும் இன்றைக்கே பார்க்கலாம். வீட்டு வாசலில் செம்பரத்தை இருந்தால் பொழுது சாய்கிற நேரம் அதன் பக்கத்தில் நில்லுங்கள். பகலில் இலையைவிடப் பூதான் எடுப்பாகத் தெரிந்திருக்கும், இருட்டும்போது பூ முதலில் கறுத்துப் போகும், இலை இன்னும் கொஞ்ச நேரம் சாம்பலாக மினுங்கிக்கொண்டிருக்கும்.

அதனால் நீலம் பூசுவது பொய் இல்லை. ஆனால் படம் முழுக்க நீலமாக இருந்தால் குளிர் தெரியாது. குளிரைக் காட்ட எங்கேயாவது ஒரு சூடு வேண்டும். பிரெஞ்சு ஓவியர் வெர்னே 1771இல் வரைந்த நிலவொளித் துறைமுகம் பாரிஸ் லூவர் மியூசியத்தில் இருக்கிறது. அதில் கடல் மேல் நிலா, கரையில் ஆட்கள் மூட்டிய நெருப்பு. அந்த நெருப்பைக் கையால் மறைத்துவிட்டுப் பாருங்கள், நிலாவே சாதாரணமாகிவிடும். விடியக்காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கப் பிரட்டுக்குப் போகிறபோது லயத்துக்குள் அடுப்பு எரிவது தெரிகிறதே, அந்தச் செம்மையைப் பார்த்தபிறகுதான் வெளியே எவ்வளவு குளிர் என்று உடம்புக்குத் தெரியும்.

கேள்வி: போனில் நைட் மோட் போட்டு எடுத்த கொழும்புத் துறைமுகப் படத்தைப் பார்த்து வரைகிறேன். எவ்வளவு வரைந்தாலும் உயிர் வரவில்லை. (பதுளையிலிருந்து ஒரு தம்பி)

தம்பி, போன் அந்த இரவைத் துடைத்துவிட்டது. நைட் மோடில் கமரா பல படங்களை அடுத்தடுத்து எடுத்து ஒன்றாகச் சேர்க்கிறது, அதனால் இருட்டில் இருந்ததெல்லாம் வெளிச்சத்துக்கு வந்துவிடும், தண்ணீரின் அசைவு வழுவழுப்பாகிவிடும், விளக்குகளின் மஞ்சளையும் வெள்ளையாகத் திருத்திவிடும். கிரேன் எங்கே, அலைதடுப்புச் சுவர் எவ்வளவு நீளம் என்று பார்க்க மட்டும் அந்தப் படத்தை வைத்துக்கொள்ளுங்கள். இருட்டை அதிலிருந்து எடுக்காதீர்கள்.

அடுத்த முறை கொழும்புக்குப் போனால் காலி முகத்திடலில் இரவு ஒரு மணித்தியாலம் செலவழியுங்கள். துறைமுகத்துக்குள் போக இடம் கிடைக்கக் காத்திருக்கிற கப்பல்களின் விளக்குகள் வெளிக்கடலில் தெரியும். எது கிட்ட, எது தூரம் என்று முதலில் புரியாது, கொஞ்ச நேரத்தில் கண் பிரித்துவிடும். பிறகு ஒரு கொப்பியில் பென்சிலால் மூன்றே இருட்டுகளில் குறித்துக்கொள்ளுங்கள்: மிக இருட்டு, இருட்டு, கொஞ்சம் வெளுப்பு. பக்கத்தில் நிறங்களை எழுத்தில் எழுதுங்கள். பதுளைக் கோச்சியில் திரும்பி வருகிற பத்து மணித்தியாலத்தில் மனது அதை நன்றாக ஊறவைத்துவிடும்.

கேள்வி: இரவுத் துறைமுகம் ஒன்றை எண்ணெய் வண்ணத்தில் வரைந்து ஒரு கண்காட்சிக்குக் கொடுத்தேன். வீட்டில் அழகாக இருந்த படம் அங்கே வெறும் கறுப்புப் பலகையாகத் தெரிந்தது. என் பிழையா, அவர்கள் பிழையா? (நுவரெலியாவிலிருந்து ஒரு வாசகி)

பாதிக்குப் பாதி. எனக்கும் இது நடந்திருக்கிறது. பல வருடங்களுக்கு முன் ஒரு மண்டபத்தில் என் படத்தை ஜன்னலுக்கு நேர் எதிரே மாட்டியிருந்தார்கள், மேலே டியூப் லைட். படத்தில் தெரிந்தது ஜன்னலும் டியூப் லைட்டும் என் முகமும்தான். வேறு இடம் கேட்டேன், கொடுக்கவில்லை, அன்று முழுக்க அழுகை தொண்டையிலேயே நின்றது. இருட்டான படத்தில் வார்னிஷ் பளபளப்பு இருந்தால் எதிரே உள்ள வெளிச்சமெல்லாம் அதில் தெரியும். அதனால் இரவுப் படத்துக்குப் பளபளப்பில்லாத வார்னிஷ் பூசுங்கள், கொஞ்சம் முன்பக்கம் சாய்த்து மாட்டச் சொல்லுங்கள், விளக்கு மேலிருந்து சரிவாக விழட்டும்.

ரஷ்ய ஓவியர் குயின்ஜி 1880இல் தினிப்பர் நதியின் நிலா இரவை வரைந்தபோது, மண்டபத்தை இருட்டாக்கி அந்த ஒரே படத்தின் மேல் மட்டும் வெளிச்சம் விழவைத்துக் காட்டினார். சனம் வரிசையில் நின்று பார்த்தது, படத்துக்குப் பின்னால் விளக்கு வைத்திருக்கிறாரா என்று எட்டிப் பார்த்தவர்கள்கூட உண்டாம். ஆனால் அவர் பூசிய பெயின்ட்டில் தார் வகை ஒன்று இருந்ததால் படம் காலப்போக்கில் இருண்டுபோனது. உங்கள் பக்கத்துப் பாதி இதுதான்: வீட்டில் எந்த வெளிச்சத்தில் வரைந்தீர்கள்? மேசை விளக்கைப் படத்துக்கு நேரே வைத்து வரைந்திருந்தால் இருட்டை உங்களை அறியாமலே கூட்டிப் பூசியிருப்பீர்கள். பகல் வெளிச்சத்தில் ஒரு தடவை வாசலுக்குக் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, பெரிய இருட்டுப் பகுதிகளை ஒரு படி வெளுப்பாக்குங்கள்.

கேள்வி: டீச்சர், நான் கொட்டகலை, வயது அறுபதைத் தாண்டிவிட்டது. ஓய்வுக்குப் பிறகுதான் பிரஷ் பிடித்தேன். சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் எங்கள் அக்கா குடும்பம் இந்தியாவுக்குப் போனது, அப்பா என்னையும் தலைமன்னாருக்குக் கூட்டிப் போனார், எனக்கு அப்போது பத்து வயது இருக்கும். கப்பல் காலையில்தான் என்றார்கள், ராத்திரி முழுக்கக் கரையில் காத்திருந்தோம். அதை வரைய வேண்டும். அழுகிற முகங்களாக வரைந்து வரைந்து பார்த்தேன், நாடகம் மாதிரி இருக்கிறது. அந்தச் சோகத்தை எப்படிக் கொண்டுவருவது?

ஐயா, உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டு அன்றைக்கு வேறு வேலை ஓடவில்லை. 1964 ஒப்பந்தத்தில் நம் மலையகச் சனத்தில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேரை இலங்கை ஏற்பது என்று எழுதிக் கையெழுத்து வைத்தார்கள். நம் வீடுகளில் அது ஒரு அக்கா, ஒரு சித்தப்பா, ஒரு பக்கத்துக் காம்பரா. மலையகத்து ஆளுக்குத் துறைமுகம் என்றால் பிரிந்த இடம்தான், தாத்தா காலத்தில் வந்து இறங்கியதும் மன்னார்க் கரைதான், அங்கிருந்து காட்டு வழியாக மாத்தளை வரை நடந்துதான் இந்த மலைக்கு ஏறினார்கள். வெளிநாட்டு ஓவியங்களில் துறைமுகம் பெரும்பாலும் வியாபாரமும் பயணமுமாக இருக்கும், நமக்கு அப்படியில்லை. அதனால் உங்கள் படத்தைப் பற்றி எனக்கு அக்கறை கூட.

முகங்களை எடுத்துவிடுங்கள். இரவில் முகம் தெரியாது, தெரிந்த மாதிரி வரைந்தால் அது மேடை விளக்காகிவிடும், நாடகம் மாதிரி இருப்பதற்குக் காரணமே அதுதான். சாமானை வரையுங்கள். தகரப் பெட்டி, கயிறு கட்டிய மூட்டை, சுருட்டிய கம்பளி, அதன் மேல் தூங்குகிற பிள்ளை. கூனிக் குறுகி உட்கார்ந்த முதுகுகள். பிறகு யோசியுங்கள், எங்கிருந்து பார்க்கிறீர்கள்? அப்பாவின் இடுப்பு உயரத்தில் இருந்துதான் நீங்கள் பார்த்திருப்பீர்கள். அப்படியென்றால் தொடுவானம் தாழ்வாக இருக்கும், பெரியவர்கள் மரம் மாதிரி மேலே எழும்பி நிற்பார்கள், அவர்களின் கால்களுக்கு நடுவில்தான் கடல். இந்த ஒரு மாற்றமே படத்தை உங்களுடையதாக்கிவிடும்.

ஆங்கில ஓவியர் டர்னர் 1835இல் வரைந்த ஒரு படம் வாஷிங்டன் தேசிய ஓவியக் கூடத்தில் இருக்கிறது, இங்கிலாந்தின் டைன் நதித் துறையில் தொழிலாளர்கள் இரவில் படகிலிருந்து கப்பலுக்கு நிலக்கரி ஏற்றுகிறார்கள். நடுவில் நிலா, தண்ணீர் முழுக்க வெள்ளி. வலது ஓரத்தில் பந்தத்தின் செந்நெருப்பு, புகை, அந்தப் புகைக்குள் வேலை செய்கிற கறுத்த உருவங்கள். ஒருவருக்கும் முகம் இல்லை ஐயா. நம் ஆட்கள் மாதிரியே நேரம் காலம் இல்லாமல் உழைத்த சனம், அவர்களை ஓரத்தில் வைத்து நடுவை வெறுமையாக விட்டிருக்கிறார். அந்த வெறுமையைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கத் தோன்றுகிறது. நீங்களும் கூட்டத்தை ஒரு பக்கம் ஒதுக்கி, கரைக்கும் தூரத்தில் தெரிகிற வெளிச்சத்துக்கும் நடுவே உள்ள இருட்டுத் தண்ணீரைப் படத்தின் பெரும்பங்காக வையுங்கள். ஒரு விளக்கின் தூண் அந்தத் தண்ணீரில் கரை வரைக்கும் வரட்டும், ஆனால் அவர்களைத் தொடாமல் கொஞ்சம் முன்னாலேயே நின்றுவிடட்டும். அந்த இடைவெளியை எவ்வளவு விடுவது என்று அவசரப்படாமல் பல தாளில் சின்னதாகப் போட்டுப் பாருங்கள், ஒரு விரலளவு கூடினாலும் குறைந்தாலும் உணர்வு மாறும்.

நினைவு ஐம்பது வருடம் பழசாகிவிட்டதே என்று கவலைப்பட வேண்டாம். நம் நாட்டு ஓவியர் ஐவன் பீரிஸ், 1943இல் தொடங்கிய '43 குழு'வில் ஒருவர், தெஹிவளையில் பிறந்து இங்கிலாந்தில் வாழ்ந்து 1988இல் அங்கேயே இறந்தார். அங்கிருந்து வருடக்கணக்காக நினைவிலிருந்தே கடற்கரையை வரைந்துகொண்டிருந்தார். ஆட்கள் அசையாமல் நிற்பார்கள், கடல் ஒரு பட்டையாகக் கிடக்கும், சத்தமே இல்லாத படங்கள். கொழும்பு பார்ன்ஸ் பிளேஸில் உள்ள சபுமல் நிலையத்தில் அந்தக் குழுவின் ஓவியங்கள் இருக்கின்றன, மகனிடம் சொல்லி ஒரு நாள் போய்ப் பாருங்கள்.

அதற்கு முதல் ஒரு வேலை. அக்கா கூடலூரில் இருக்கிறார், போனில் பேசுவோம் என்று கடிதத்தின் கடைசியில் எழுதியிருந்தீர்கள். அந்த இரவில் நீங்கள் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள், சரி. அக்கா எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தார், கையில் என்ன இருந்தது, எந்த வெளிச்சம் அவருக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது என்று கேளுங்கள். அவர் சொல்வதை அப்படியே ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு, பிறகு பென்சிலை எடுங்கள்.